விசைப்பலகையும் சுட்டெலியும் ஓய்ந்துவிட்டால்

நேற்று இரவுவரை கணினி நன்றாக வேலை செய்தது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, மேம்படுத்தலாமா என்று அதுவே கேட்டது. வீட்டுப் பிள்ளையும் சரி என்று பதில் கொடுத்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏதேதோ ஓடி முடிந்தது. கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. திரையில் படம் வந்தது, பிள்ளையின் பெயர் வந்தது, கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டமும் வந்தது. ஆனால் விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் எழுத்து விழவில்லை. சுட்டெலியை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அம்புக்குறி அசையவில்லை. லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் பலரும் ஒருமுறையேனும் கண்டிருக்கக்கூடிய காட்சி இது. இது ஏன் நேர்கிறது, நேர்ந்தால் வீட்டிலிருந்தபடியே நாம் என்ன செய்து பார்க்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

பண்டார் பாரு, செர்டாங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் லினக்ஸ் கணினிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்தபோது, கைப்பேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளை நாங்கள் அறிவோம். அதன் பின்னர்ப் பழைய கணினிகளை வாங்கிப் போட்டவர்கள் பலர். அவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 10இல் ஓடியவை. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்கப் பழைய கணினிகள் பலவற்றுக்குத் தகுதியில்லை. ஆகவே காசு கொடுக்காமல் கிடைக்கும் லினக்ஸை ஏற்றிக்கொள்வது அறிவுடைய செயலே. 1991இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினுஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை அது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதுவே. நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 1பெஸ்தாரிநெட் திட்டக் காலத்தில் வந்த குரோம்புக் கணினிகளின் அடித்தளமும் அதுவே. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸோடு சேர்த்து பாஸ் என்னும் இந்திய லினக்ஸையும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஆதலால் இஃது ஏழைக்கு ஒதுக்கிய இரண்டாந்தரச் சரக்கு என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

இனி, விசையைத் தட்டினால் திரையில் எழுத்து எப்படி வருகிறது என்று பார்ப்போம். இது விளங்கினால் பாதி மருத்துவம் முடிந்தது.

விடியற்காலைப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி களத்துக்கு வருகிறார். மண்டோர் அவரைப் பார்த்து, இன்னார் வந்திருக்கிறார் என்று குரல் கொடுக்கிறார். கிராணி அந்தக் குரலைக் கேட்டுச் செக்ரோலில் பதிகிறார். பதிந்தால்தான் அன்றைய வேலை கணக்கில் ஏறும். கணினியிலும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான். விசைப்பலகை என்பது களத்துக்கு வந்த ஆள். கெர்னல் எனப்படும் லினக்ஸின் மூலக்கரு, தன்னிடமுள்ள டிரைவர் என்னும் சிறு நிரலைக் கொண்டு அந்த ஆளை அடையாளம் காண்கிறது. யூடெவ் என்னும் நிரல்தான் மண்டோர். புதிதாக யார் வந்தாலும் குரல் கொடுப்பது அதன் வேலை. கிராணியின் வேலையைச் செய்வது திரைப் படங்களை வரைந்து காட்டும் நிரல். எக்ஸ் என்பது அவற்றுள் பழையது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக் கழகத்தில் 1984இல் பிறந்தது. வேலாண்ட் என்பது புதியது.

இப்போது ஒன்று யோசியுங்கள். தோட்டத்துக்குப் புது நிர்வாகம் வருகிறது. பழைய செக்ரோலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று போடுகிறார்கள். அப்படிப் போடும்போது ஒருவர் பெயர் விடுபட்டுவிட்டது. அவர் வழக்கம்போல் வருகிறார், நிரையில் நின்று மரம் சீவுகிறார், பாலும் எடுக்கிறார். ஆனால் கணக்கில் அவர் இல்லை. அவர் கையில் குறையில்லை, கத்தியிலும் குறையில்லை. குறை ஏட்டில். லினக்ஸை மேம்படுத்திய மறுநாள் ஓய்ந்துபோகும் விசைப்பலகையின் கதை பெரும்பாலும் இதுதான்.

இது எங்கள் கற்பனை அன்று. 2007இல் வந்த எக்ஸின் 1.4ஆம் பதிப்பில் ஒரு மாற்றம் தொடங்கிற்று. அதுவரை விசைப்பலகை இன்னது, சுட்டெலி இன்னது என்று ஒரு கோப்பில் கையால் எழுதிவைப்பார்கள். இனி அவற்றைத் தானாகவே கண்டுகொள்ளலாம் என்று, ஹால் என்னும் நிரலை மண்டோராக வைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்த மாற்றம் பலருடைய கணினிகளுக்கு வந்து சேர்ந்தபோது, ஹால் ஓடாத கணினிகளிலெல்லாம் விசைப்பலகையும் சுட்டெலியும் ஒன்றாக ஓய்ந்தன. ஆர்ச், ஜென்டூ என்னும் லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்தியவர்கள் நிரம்பத் தவித்தார்கள். அந்த அலை அடங்கிய சூட்டோடு, 2010இல் வந்த 1.8ஆம் பதிப்பு ஹாலை நீக்கிவிட்டு யூடெவை அமர்த்திற்று. மீண்டும் அதே தவிப்பு! பின்னர் உபுண்டுவின் 16.04, 18.04 பதிப்புகளில், புதிய வன்பொருளுக்கென்று மாற்று எக்ஸ் ஒன்றை ஏற்றிக்கொண்டவர்கள் சிலருக்கு, அதற்கிணையான உள்ளீட்டு டிரைவர்த் தொகுப்பு மட்டும் வராமல் நின்றுவிட்டது. இந்த மூன்று முறையும் விசைப்பலகைகள் கெடவில்லை. அப்படியிருந்தும் கடைக்குப் போய்ப் புது விசைப்பலகை வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்பது. அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

எளிய சோதனைகளை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். கம்பியில்லாச் சுட்டெலியென்றால் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். கம்பியுள்ளதென்றால் கழற்றி வேறொரு துளையில் செருகுங்கள். மடிக்கணினியின் தொடுபலகையை நிறுத்திவைக்க மேல்வரிசையில் ஒரு விசை இருக்கும். அது தவறிப்போய் அழுந்தியிருக்கலாம். கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கு மாறி மாறி எரிகிறதா? எரிந்தால் உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்நிலையில் எழுத்து மட்டும் விழவில்லையென்றால், மெதுவிசை என்னும் வசதி விழித்துக்கொண்டதா என்று பாருங்கள். கை நடுங்குபவர்களுக்காக வைத்த நல்ல வசதி அது. விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். சில கணினிகளில் ஷிப்ட் விசையை எட்டு விநாடி பிடித்திருந்தாலே அது தொடங்கிவிடும். விளையாடும் பிள்ளைகளின் விரலுக்கு எட்டு விநாடி பெரிதா என்ன? விளக்கு மாறவில்லையென்றாலோ, அதை மட்டும் வைத்து விசைப்பலகை செத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்தது முக்கியமான சோதனை. கணினியை அணைத்து மீண்டும் எழுப்புங்கள். எழும்போதே ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிய கணினியென்றால் எஸ்கேப் விசையை ஒருமுறை இருமுறை தட்டுங்கள். குரப் என்னும் கறுப்புப் பட்டியல் ஒன்று திரையில் வரும். எஸ்கேப் விசையை மிகையாகத் தட்டிவிட்டால் பட்டியலுக்குப் பதில் ஒற்றை வரி மட்டும் வந்து நிற்கும். அங்கே ஆங்கிலத்தில் நார்மல் என்று தட்டினால் பட்டியலுக்குத் திரும்பலாம். அம்பு விசைகளால் அந்தப் பட்டியலில் மேலும் கீழும் போக முடிகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் லினக்ஸ் இன்னும் எழவில்லை. அங்கே விசைப்பலகை வேலை செய்கிறதென்றால், விசைப்பலகையும் கம்பியும் துளையும் நலமாக இருக்கின்றன. புதுக் கணினி வாங்கும் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். புளூடூத் விசைப்பலகை மட்டும் இதற்கு விலக்கு. அது இப்பட்டியலில் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கியேனும் சோதிப்பது நல்லது.

அந்தப் பட்டியலில் இரண்டாவது வரி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்றிருக்கும். அதற்குள் போனால் கெர்னல்களின் பெயர்கள் எண்களோடு நிற்கும். மேலே இருப்பது புதியது, அதன் கீழே பழையது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ரிகவரி மோட் என்று மற்றொரு வரியும் உண்டு. புதிய கெர்னலின் ரிகவரி வரியைத் தேர்ந்தெடுங்கள். சிறிது நேரத்தில் ஒரு பட்டியல் வரும். அங்கே விசைப்பலகை வேலை செய்தால், கெர்னல் ஆளை அடையாளம் கண்டுவிட்டது. குறை கிராணியின் ஏட்டில், அதாவது திரைப் படங்களைக் காட்டும் பகுதியில் இருக்கிறது. அங்கேயும் விசைப்பலகை ஓய்ந்திருந்து, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் வேலை செய்கிறதென்றால், புதிய கெர்னலோடு வரவேண்டிய டிரைவர்கள் வந்து சேரவில்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எக்ஸ் ஓடும்போது அந்த மூன்று விசைகளையும் கேட்டு வழி விடுவதும் அதே கிராணிதான். அவர் காதில் எதுவும் விழாத நேரத்தில் அதுவும் விழாமல் போகலாம். அதனால்தான் ரிகவரி வழியை முதலில் சொன்னோம்.

சென்ற ஆண்டு ஒரு தாயார் மடிக்கணினி ஒன்றைத் துணிப்பையில் சுற்றி எங்களிடம் கொண்டுவந்தார். ஒரு கடையில் போர்டு போய்விட்டது என்று சொன்னார்களாம். வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்க்கலாம், கூலி இவ்வளவு என்றும் சொன்னார்களாம். அந்தக் கணினியில் ஐந்தாம் படிவம் படிக்கும் மகளின் பாடக் குறிப்புகள் இருந்தன. காலமான தாத்தாவின் படங்களும் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்குப் படி இல்லை. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதிலிருந்தே கணினியை எழுப்பினோம். ட்ரை என்று கேட்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால், உள்ளிருக்கும் வட்டில் எதையும் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும். அம்புக்குறி ஓடியது, எழுத்தும் விழுந்தது. போர்டு போயிருந்தால் இப்படி நடக்குமா? மகளின் குறிப்புகளையும் தாத்தாவின் படங்களையும் வேறொரு பென்டிரைவில் முதலில் படியெடுத்துக்கொண்டோம். அதன் பிறகே பழுதில் கை வைத்தோம். இந்த வரிசையை எவரும் மாற்றக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அழித்துவிட்டு ஏற்றுவது கடைக்காரருக்கு எளிய வேலை, இழப்பு உங்களுடையது. அவர் அழிக்கலாமா என்று கேட்டால், படியெடுத்தாகிவிட்டதா என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

பழுதைச் சரிசெய்யும் முறைக்கு வருவோம். ரிகவரிப் பட்டியலில் நெட்வொர்க் என்ற வரியை முதலில் தேர்ந்தெடுங்கள். வட்டில் எழுதும் உரிமையும் அதனோடு திறக்கும். இணையத்துக்குக் கம்பி வழியே நம்பகமானது. வைபை அங்கே பெரும்பாலும் எழாது. அடுத்து டிபிகேஜி என்ற வரி. அரைகுறையாக நின்ற தொகுப்புகளை அது ஒழுங்குசெய்யும். பல கணினிகள் இதனோடேயே குணமாகிவிடும். குணமாகாவிட்டால் ரூட் என்ற வரியைத் தேர்ந்தெடுத்துக் கட்டளை வரிக்குப் போங்கள். ஆங்கில எழுத்தில் ஏ-பி-டி, ஓர் இடைவெளி, இன்ஸ்டால், மீண்டும் ஓர் இடைவெளி. பிறகு எக்ஸ்சர்வர், சிறுகோடு, எக்ஸ்-ஓ-ஆர்-ஜி, சிறுகோடு, இன்புட், சிறுகோடு, ஆல் என்று இடைவெளியில்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் மூன்றுக்கும் இந்தப் பெயர் பொருந்தும். விடுபட்ட பெயரை ஏட்டில் ஏற்றும் வேலை இதுதான்.

கெர்னலில்தான் குறை என்று கண்டவர்கள், பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வழக்கம்போல் உள்ளே போங்கள். அங்கே வைபையும் எழும். உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து, எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, ஏ-பி-டி, இடைவெளி, இன்ஸ்டால், இடைவெளி, லினக்ஸ், சிறுகோடு, ஜெனரிக் என்று தட்டினால், கெர்னலும் அதற்குரிய கூடுதல் டிரைவர்த் தொகுப்பும் சேர்ந்து வரும். அப்போது கடவுச்சொல் கேட்கும். அதைத் தட்டும்போது திரையில் புள்ளியும் வராமல், நட்சத்திரமும் வராமல் இருக்கலாம். விசைப்பலகை மறுபடி செத்துவிட்டது என்று அஞ்சி எழுந்துவிடாதீர்கள். பிறர் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த மறைப்பு அது. முழுவதும் தட்டி என்டர் கொடுங்கள்.

தமிழில் தட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் விழுகிறது, தமிழ் மட்டும் விழவில்லையென்றால் அது வேறு கண்ணி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டி அமைந்த தமிழ் 99 விசைப்பலகை, லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலின் வழியாகப் பலருக்குக் கிடைக்கிறது. மேம்படுத்தும்போது அதற்குத் துணையான எம்17என் தொகுப்பு விடுபட்டால் தமிழ் நின்றுவிடும். அதை மறுபடி ஏற்றி, அமைப்புப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. உள்நுழையும் கட்டத்தில் விசைப்பலகை தமிழ் அமைப்பில் நின்றுவிட்டால், ஆங்கிலக் கடவுச்சொல்லை எத்தனை முறை தட்டினாலும் தவறு என்றே வரும். கட்டத்தில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் காரணம் விளங்காது. திரையின் மூலையில் மொழிக்குறி இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மேம்படுத்தும் முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மழை இருட்டிக்கொண்டு வரும் மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இடி விழுந்து மின்சாரம் போனால், மடிக்கணினிக்காவது மின்கலம் உண்டு. மேசைக் கணினி பாதியிலேயே நின்றுவிடும். பாதியில் நின்ற மேம்படுத்தல்தான் டிரைவர்கள் விடுபட்டுப்போவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. பழைய கெர்னலை இடத்தை அடைக்கிறது என்று உடனே நீக்கிவிடாதீர்கள். மேலே சொன்ன வைத்தியத்துக்கு அதுதான் துணை. உபுண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் நீண்டகாலப் பதிப்பு ஒன்றை வெளியிடுகிறது. பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களை, சில மாதங்கள் கழித்து முதல் திருத்தப் பதிப்பு வந்த பின்னரே அது மேலே அழைக்கும். அந்த அழைப்புக்குக் காத்திருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஏப்ரலிலேயே மாற்றிவிட்டான் என்பது ஒரு காரணமாகாது. கணினி நலமாயிருக்கும்போதே லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாரிட் புந்தாருக்கோ நிபோங் திபாலுக்கோ கடை தேடி அலையும் செலவு மிச்சம்.

என்ன விடுபட்டது என்பதைக் கணினியே குறித்துவைக்கிறது. வார், லாக், ஏ-பி-டி என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் அடைவில் ஹிஸ்டரி என்னும் கோப்பு உண்டு. எந்த நாள், எந்த மணிக்கு, எந்தத் தொகுப்பு வந்தது, எது நீங்கியது என்று அதில் வரிவரியாக இருக்கும். ரிமூவ் என்று தொடங்கும் வரியில் இன்புட் என்ற சொல்லோடு ஏதேனும் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த வரியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கணினி அறிந்தவரிடம் அதை முதலில் காட்டுங்கள். பழைய கெர்னலின் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி உடன் கொண்டு போங்கள். ரிகவரியில் விசைப்பலகை வேலை செய்ததா இல்லையா என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.